சகலை செய்த ரெக்கைப் படகு

இது நடந்து நான்கு பொங்கல் ஆகிவிட்டது. இடம், நார்த்தாமலைக்குப் பக்கத்தில் இருக்கும் என் மாமனார் ஊர்க் கண்மாய். அன்று காணும் பொங்கல். ஊரே கரையில் நின்றுகொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னாலும் என் முன்பல் ஒன்று போனது. பல் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அது ஏன் போனது என்று சொல்ல வேண்டுமானால், நான் எப்பேர்ப்பட்ட வயிற்றெரிச்சல்காரன் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

விராலிமலையில் ஹைவேயை ஒட்டி எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. மாமனாருக்கு இரண்டும் பெண்கள். மூத்தவளைக் கட்டியவன் நான். மூத்த மாப்பிள்ளை என்ற பதவியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த வீட்டில் முதல் இலை எனக்கு. மீன் குழம்பில் தலை எனக்கு. கோயில் காரியம் என்றால் முதல் துண்டு எனக்கு. ஒருமுறை கிடாவெட்டுப் பந்தியில் யாரோ தெரியாமல் சின்ன மாப்பிள்ளைக்கு முதலில் இலை போட்டுவிட்டார்கள். ‘எனக்குப் பசியில்லை’ என்று நான் எழுந்து புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டேன். மாமனாரே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது நடந்தாலும் ‘மூத்த மாப்ள இருக்கையில’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார் மாமனார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு ஏற்றுக்கொள்வேன்.

சின்ன மாப்பிள்ளை, அதாவது என் சகலை, அறந்தாங்கிக்காரர். என்னைவிட எட்டு வயது சின்னவர். வளைகுடா நாட்டில் படகு கட்டும் ஒரு கம்பெனியில் ஃபைபர் வேலை. அவர் லீவில் வந்து பெட்டியைத் திறந்தால் வீடே அத்தர் மணக்கும். மாமியாருக்குத் தைலம், மாமனாருக்குக் கம்பளி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் பேரீச்சம்பழம். நான் அதே வீட்டுக்கு வாரம் தவறாமல் போகிறவன். போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போவேன். வாரம் வருகிறவனின் வாழைப்பழத்தை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? மாமியார் அதை வாங்கி அப்படியே ஆணியில் மாட்டிவிட்டு, ‘சின்னவரு போன் பண்ணாரா?’ என்று என்னிடமே கேட்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த ஊரில் என்னை யாராலும் அசைக்க முடியாது. அது என் பெடல் படகு. நான்கு நீல டிரம், பைப் ஃபிரேம், இரண்டு சைக்கிள் பெடல், பின்னால் செயினில் ஓடும் துடுப்புச் சக்கரம். எல்லாம் என் பட்டறையில் என் கையால் செய்தது. மழைக்காலம் முடிந்து கண்மாய் நிறைந்திருக்கும் பொங்கல் சமயத்தில் அதைத் தண்ணீரில் இறக்குவேன். மடையிலிருந்து எதிர்க்கரை அய்யனார் கோயில் படித்துறை வரை ஐந்து நிமிடம். பத்து வருடமாக அதை யாரும் முறியடிக்கவில்லை. அந்தக் கண்மாயில் வேறு படகே கிடையாது என்பது இருக்கட்டும். படகை அங்கே ‘போட்டு’ என்பார்கள். ‘மாப்ள போட்டு வந்துருச்சு’ என்று ஊர் சொல்லும்போது எனக்குக் கிடைக்கும் சுகம் அத்தர் பாட்டிலில் கிடைக்காது.

அந்த வருடம் சகலை மூன்று மாத லீவில் வந்திருந்தார். தீபாவளி முடிந்த கையோடு பட்டறைக்கு வந்து போனில் ஒரு வீடியோ காட்டினார். எங்கோ ஒரு வெளிநாட்டு ஏரி. ஒரு ஆள் சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதிக்கிறார். படகு தண்ணீரை விட்டு ஒரு அடி மேலே எழும்பிப் போகிறது. அடியில் இரண்டு கால்கள் மட்டும் தண்ணீரைக் கிழிக்கின்றன.

“தண்ணிக்குள்ள ரெக்கை இருக்குண்ணே. ஹைட்ரோஃபாயில்னு சொல்வாங்க. வேகம் புடிச்சா பிளேன் ரெக்கை மாதிரி தூக்கிரும். போட்டோட ஒடம்பு வெளிய வந்துட்டா தண்ணி புடிச்சு இழுக்கிறது இல்லாமப் போயிரும். மிதிக்கிற காலு அதேதான். வேகம் மட்டும் மூணு மடங்கு.”

எனக்கு நொடியில் புரிந்துவிட்டது. இரும்போடு இருபத்தைந்து வருடம் கிடந்தவனுக்கு இது புரியாதா? என் டிரம் படகில் நான் மிதிக்கிற மிதியில் முக்கால்வாசி, தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவதற்கே செலவாகிறது. படகைத் தண்ணீரிலிருந்தே தூக்கிவிட்டால் அந்தச் செலவு மிச்சம். இது ஏன் எனக்குத் தோன்றாமல் போனது என்பதுதான் எனக்கு வந்த முதல் எரிச்சல். அடுத்த எரிச்சலை அவரே தந்தார். “ஒங்க பட்டறையிலதான் ஆர்கான் வெல்டிங் இருக்கு. காலு ரெண்டும் நீங்கதாண்ணே பத்த வச்சுத் தரணும்” என்றார்.

முடியாது என்று எப்படிச் சொல்வது? செய்து கொடுத்தேன். ஸ்டெயின்லெஸ் பைப்பில் இரண்டரை அடி நீளத்துக்குக் கால்கள். பின்காலோடு புரொப்பல்லருக்கு ஒரு சாஃப்ட், லேத்தில் கடைந்து கொடுத்தேன். கோபத்தோடு செய்தாலும் என் கைக்கு மட்டமான வேலை செய்யத் தெரியாது. ரெக்கை இரண்டையும் அவரே ஃபைபரில் வார்த்தார். பின்னால் ஆள் நீளத்துக்குப் பெரிய ரெக்கை, முன்னால் சின்னது. உடம்பு சுரைக்காய் மாதிரி நீளமாக, ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கிற கனம். கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் குட்டி மிதவைகள்.

சோதனை ஓட்டமெல்லாம் கரையோரத்தில் நடந்தது. கரைக்கு மண் எடுத்த பள்ளம் அது. ஆள் ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும். முதல் ஞாயிறு படகு எழும்பவே இல்லை. இரண்டாம் ஞாயிறு மூக்கைத் தூக்கி, அப்படியே பின்னால் குந்தியது. மூன்றாம் ஞாயிறு செயின் கழன்றது. நான் ஒரு ஞாயிறுகூட விடாமல் விராலிமலையிலிருந்து பைக்கில் போய்ப் பார்த்தேன். ‘சகலை மேல இம்புட்டுப் பாசமா’ என்று என் மனைவி ஆச்சரியப்பட்டாள். அது எழும்பாமல் தோற்பதைப் பார்க்கத்தான் போகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? முன் ரெக்கையின் சாய்வு ஒரு பாகை கூடுதல் என்பது இரண்டாம் ஞாயிறே என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. கரையில் உட்கார்ந்து வறுத்த கடலையைத் தின்றுகொண்டிருந்தேன்.

அதை அவரே கண்டுபிடித்துவிட்டார். பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம், பத்து மிதி மிதித்தார், இருபது மிதித்தார், படகு ஒரு குலுங்கு குலுங்கியது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. தண்ணீர் படகில் அடிக்கும் அந்தச் சளப் சளப் சத்தம் சுத்தமாக இல்லை. சகலை தண்ணீருக்கு மேலே போய்க்கொண்டிருந்தார். கரையில் மாமனார் தோளில் இருந்த துண்டை எடுத்துச் சுற்றினார். எழுபது வயது மனிதர். என் படகுக்கு அவர் ஒருநாளும் துண்டைச் சுற்றியதில்லை.

அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடிவயிற்றில் யாரோ மிளகாய் வற்றலை வறுத்த மாதிரி இருந்தது. அத்தர், கம்பளி, எல்லாம் அவருக்கே இருக்கட்டும். இந்தக் கண்மாயாவது எனக்கு என்று இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டார். அதுவும் என் வெல்டிங்கை வைத்தே எடுத்துக்கொண்டார்.

இப்போது கண்மாய்க்குள் கிடந்த கட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கக் கண்மாய்களின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் வயிற்றுப் பகுதியில், கருவேல மரங்கள் வளர்ந்து நிற்கும். சில வருடத்துக்கு ஒருமுறை அவற்றை ஏலம் விட்டு வெட்டுவார்கள். அந்தக் கண்மாயில் கடைசியாக வெட்டியபோது உள்ளே சேறு காயவில்லை. வெட்ட வந்தவர்கள் குனியச் சோம்பல்பட்டு, தொடை உயரத்துக்கு அடிமரத்தை விட்டுவிட்டு வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மழை பெய்ததும் எல்லாக் கட்டையும் தண்ணீருக்குள். அடுத்த மீன்பிடித் திருவிழாவில் ஊரோடு சேர்ந்து நானும் ஊத்தாக் கூடையோடு இறங்கினேன். ஒரு கட்டை என் கெண்டைக்காலைக் கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த இடமும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மடைக்கும் அய்யனார் கோயிலுக்கும் நடுவில், என் படகு போகும் அதே வழி.

பொங்கல் நேரத்துத் தண்ணீரில் அந்தக் கட்டைகளுக்கு மேல் ஒரு அடித் தண்ணீர்தான் நிற்கும். என் டிரம் படகு அரை அடிதான் மூழ்கும். அதனால் பத்து வருடத்தில் ஒரு தொல்லையும் வந்ததில்லை. சகலையின் படகு மேலே எழும்பிப் போகும்போதுகூட ரெக்கை ஒன்றரை அடி கீழே இருக்கும். ஊருக்குக் கட்டை இருப்பது தெரியும், ரெக்கை எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று தெரியாது. மேலே பறக்கிற படகுக்குக் கீழே கட்டை இருந்தால் என்ன என்றுதான் யாரும் நினைப்பார்கள். சகலைக்கு ரெக்கையின் ஆழம் தெரியும், அசலூர்க்காரர் என்பதால் கட்டை தெரியாது. இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன் மட்டுமே.

காணும் பொங்கலுக்கு முதல்நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விழாக் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நாளைக்கு ரெக்கைப் படகை விடுவதாக மைக்கில் சொல்லிவிட்டோம், எந்தப் பக்கமாக விடலாம் என்று கேட்டார்கள். சகலை என் பக்கம் திரும்பினார்.

“பள்ளத்துல விட்டா ஒரு ஓரமா போயிரும், சனம் பாக்க முடியாது. அண்ணே, ஒங்க போட்டு போற பாதையில விடலாமா? அங்கிட்டு அடியில எதுவும் கெடக்காதுல்ல?”

நான் ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னேன். “பத்து வருசமா நம்ம போட்டு அதுலதான் போகுது. இதுவரைக்கும் ஒண்ணுலயும் முட்டுனதில்ல.”

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை நினைத்து எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. பெரிதாக என்ன ஆகிவிடும்? ரெக்கை கட்டையில் இடிக்கும், படகு நிற்கும், சகலை தண்ணீரில் விழுவார், நெஞ்சளவுத் தண்ணீர்தான், எழுந்து நடந்து வருவார். ஊர் சிரிக்கும். நான் என் டிரம் படகில் போய் அவரை ஏற்றிக்கொண்டு வருவேன். அதுவரைக்கும்கூடக் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் சட்டைக்குப் பொத்தான் போடும்போது என் மனைவி கேட்டாள். “என்னங்க, பத்து நாளா உர்ருன்னு இருந்தீங்க. இன்னைக்கு மூஞ்சில இம்புட்டு வெளிச்சம்?” நான் பவுடர் என்று சொன்னேன்.

கண்மாய்க் கரையில் நல்ல கூட்டம். சுண்டல் வண்டி, ஐஸ் வண்டி எல்லாம் வந்திருந்தன. கமிட்டிக்காரர் மைக்கில் ரெக்கைப் படகைப் பற்றி ராக்கெட் விடுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். மடைப் பக்கம் படகை இறக்கி, சகலை அரைக்கால் சட்டையோடு ஏறத் தயாராக நின்றார். நான் கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போது மாமனார் தொண்டையைச் செருமினார்.

“இருங்க மாப்ள. மூத்த மாப்ள இருக்கையில நீங்க மொதல்ல ஏறுறது மொறை இல்லையே.”

சகலை நாக்கைக் கடித்துக்கொண்டார். “அய்யோ, ஆமா மாமா. எனக்குத் தோணாமப் போச்சே. அண்ணே, வாங்க. நீங்கதான் ஏறணும். இதுல பாதி வேலை ஒங்க கை.” மைக்கைக் கையில் வாங்கி, ‘இந்தப் படகின் கால்களைச் செய்தவர் எங்கள் மூத்த சகலை’ என்று ஊருக்கே சொன்னார். கூட்டம் கைதட்டியது. என் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது.

அந்த நிமிடத்தில் எனக்கு நடுக் கண்மாய்க் கட்டைகள்தான் ஞாபகம் வந்தன. உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். ஆனால் முதல் இலைக்காகப் புளியமரத்தடியில் நின்றவன், முதல் சவாரியை வேண்டாம் என்றால் யார் நம்புவார்கள்? உண்மையைச் சொல்லலாம். நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே! யோசித்துப் பார்த்து ஒரு கணக்குப் போட்டேன். மெதுவாக மிதித்துப் போவோம், கட்டை வரும் இடத்துக்கு முன்னால் வலப்பக்கம் ஒடித்துவிடுவோம், ஹேண்டில் இழுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். மாலையோடு ஏறி உட்கார்ந்தேன்.

மெதுவாகத்தான் மிதித்தேன். கரையிலிருந்து ‘அமுக்குங்கண்ணே, அமுக்குங்க’ என்று சகலையின் குரல் கேட்டது. கூட்டமும் சேர்ந்துகொண்டது. நான் ஒல்லி உடம்புக்காரன். தினமும் சைக்கிள் மிதிக்கிற கால்கள். என்னையறியாமல் ஒரு அழுத்து அழுத்திவிட்டேன். படகு குலுங்கியது. பெடல் சட்டென்று இலேசானது. சத்தம் நின்றது.

அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பத்து வருடமாக இதே தண்ணீரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு மிதிக்கும் அது என்னைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். அன்று அது என்னை விட்டுவிட்டது. காற்று முகத்தில் அடித்தது. அல்லி இலைகள் கீழே ஓடின. முக்குளிப்பான் குருவி ஒன்று எனக்கு வழிவிட்டு முங்கியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த அரை நிமிடத்தில் எனக்குச் சகலை மேல் பொறாமை இல்லை, யார் மேலும் இல்லை. கட்டையும் ஞாபகத்தில் இல்லை.

பெரிதாக ஒரு ‘டக்’. அவ்வளவுதான் தெரியும். படகு நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. ஹேண்டிலில் தாடை அடித்து, ஹேண்டிலைத் தாண்டிப் போய், இடது தோள் வேறொரு கட்டையில் மோதியது. வாய்க்குள் தண்ணீரும் ரத்தமும். காலை ஊன்ற முடியவில்லை. நெஞ்சளவுத் தண்ணீரில் ஒரு ஆள் சாக முடியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கூட்டத்திலிருந்து முதலில் குதித்தவர் சகலை. நீந்தியும் ஓடியும் வந்து, கட்டைகளில் தன் முழங்காலைக் கிழித்துக்கொண்டு, என்னைத் தூக்கிப் பிடித்தார்.

காறை எலும்பு முறிந்திருந்தது. முன்பல் ஒன்று போயிருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தேன். அந்த இரண்டு நாளும், நான் இத்தனை வருடமாக ஆசைப்பட்டதெல்லாம் எனக்கு ஒன்றாகக் கிடைத்தது. மாமியார் காலையும் மாலையும் ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்துவிட்டார். மாமனார் என் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. சகலையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் கடுகடுவென்று ஆகும். ஒருமுறை வராந்தாவில் வைத்து, “மூத்த மாப்ள உசிரோட வெளையாண்டுட்டீங்களே” என்று அவர் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

“தப்பு எம்மேலதான் மாமா. நான் எறங்கிப் பாத்துருக்கணும்” என்று சகலை சொன்னதும் கேட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தேன். அது நடந்து இத்தனை நாள் ஆகியும் என்னால் தாங்க முடியாதது, நான் ரசம் குடித்துக்கொண்டே சொன்ன அந்த வார்த்தைகூட இல்லை. இந்தத் தூக்கம்தான்.

சகலை வளைகுடாவுக்குத் திரும்புவதற்கு முதல்நாள் மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்குக் கையில் தூளிக்கட்டு. வழக்கம்போல் முதல் இலை எனக்கு. மீன் குழம்பு, தலை எனக்கு. சகலை இலையைப் பார்த்துக்கொண்டே, “அந்த போட்டை அறுத்துப் போட்டுட்டேண்ணே. போன்ல இருந்த டிராயிங்கையும் அழிச்சிட்டேன். இனிமே இந்த வேலையே வேணாம்” என்றார். எனக்கு முன்னால் மீன்தலையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். பல் போன இடத்தில் காற்று வந்தது.

“அங்க கட்டை கெடக்குன்னு எனக்குத் தெரியும்.”

மிச்சத்தையும் சொன்னேன். கால் செய்தவன் நான், ஆழம் தெரிந்தவன் நான், வேண்டுமென்றுதான் சொல்லவில்லை, வயிற்றெரிச்சல். எல்லாவற்றையும் சொன்னேன். சகலை இலையை மடக்கினார். எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். மாமனார் என் இலையைப் பார்த்தார். பிறகு, “சாப்பிடுங்க மாப்ள, ஆறுது” என்றார். அந்த மீன்தலையை நான் எப்படித் தின்றேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பைக்கில் திரும்பும்போது என் மனைவிதான் வண்டி ஓட்டினாள். கீரனூர் தாண்டினோம். பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். “எங்க அப்பா மொறை பாக்கலேன்னா அவருதான ஏறியிருப்பாரு? எந்தங்கச்சி கரையில நின்னுக்கிட்டிருந்தா.” அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

சகலை அதன்பிறகு என்னோடு பேசவில்லை. வீட்டு விசேஷம் பற்றிப் போட்ட குரூப் செய்திகளில் எல்லோருக்கும் பதில் சொல்வார், எனக்கு மட்டும் சொல்ல மாட்டார். சித்திரையில் கண்மாய் வற்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடப்பாரையும் கோடாலியும் எடுத்துக்கொண்டு போனேன். பஞ்சாயத்தில் கேட்டதற்கு, ‘வெறகு ஒங்களுக்கு, குழிய மட்டும் மூடிருங்க’ என்றார்கள். கருவேல வேர் இலேசில் விடாது. ஒரு கட்டைக்கு அரை நாள் ஆனது. தோள் விண்விண்ணென்று தெறித்தது. ஆடு மேய்க்க வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் மாமனார் தூக்குவாளியில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மடையிலிருந்து அய்யனார் கோயில் வரை ஒன்றையும் விடவில்லை. யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பவும் இல்லை.

ஐப்பசியில், நல்ல மழைநாளில், சகலையிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. வணக்கம், நலம் எதுவும் இல்லை. “ரெக்கை புதுசா வார்க்கலாம்னு இருக்கேன். காலு பத்த வைக்கணும். தண்ணி எம்புட்டு நிக்கிதுன்னு பாத்துச் சொல்லுங்க.” பட்டறையில் கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு அதை மூன்று தடவை கேட்டேன். கட்டை எல்லாம் எடுத்தாச்சு என்று பதில் போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

அந்தப் பொங்கலுக்கு அவர் வந்தார். கால்களை நான்தான் பற்றவைத்தேன். வேலை பற்றி மட்டும் பேசினோம். காணும் பொங்கலன்று மறுபடியும் கூட்டம், மறுபடியும் மைக். மாமனார் இந்தமுறை தொண்டையைச் செருமவில்லை. சகலை படகைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஏறவில்லை. கண்மாயின் நடுப்பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லைல்ல?” என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். போன முறையும் நான் சொன்னது உண்மைதான். என் வாயிலிருந்து வரும் உண்மைக்கு அவரிடம் என்ன மதிப்பு இருக்கும்? சட்டையைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பள்ளத்தை நீந்திக் கடந்தேன். அதற்குப் பிறகு நெஞ்சளவுத் தண்ணீரில், படகு போகப்போகும் பாதையில், இடமும் வலமும் காலால் துழாவிக்கொண்டே நடந்தேன். கால்மணி நேரத்துக்கு மேல் ஆனது. கரையில் சிலர் சிரித்தார்கள். ‘மாப்ள என்ன நத்தை பொறுக்குறாரா’ என்று யாரோ கேட்டார்கள். மைக்செட்காரர் ஒன்றும் புரியாமல் பாட்டுப் போட்டுவிட்டார். அய்யனார் கோயில் படித்துறையில் ஏறித் திரும்பி நின்று, கையைத் தூக்கினேன்.

சகலை ஏறினார். எழும்பினார். நான் நடந்த பாதையில் நேராக என்னை நோக்கிப் பறந்து வந்தார். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. படித்துறையில் படகு வந்து அமர்ந்ததும் அவர் கையை நீட்டினார், நான் பிடித்துத் தூக்கிவிட்டேன். “இப்ப எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டார். ஒரு வருடம் கழித்து அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அப்போதுதான்.

“வயிறு எரியுது” என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அது விளையாட்டுக்குச் சொன்னதில்லை. எதிர்க்கரையில் மாமனார் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது உண்மையிலேயே எரிந்தது. இந்தப் பொங்கலுக்கும் எரிந்தது. அது போய்விடும் என்று நான் இப்போது எதிர்பார்ப்பதில்லை. பல் கட்டிக்கொள்ளச் சொல்லி மனைவி நச்சரிக்கிறாள், கட்டிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு வருடமும் ரெக்கைப் படகை இறக்கும் முன்பு நான்தான் முதலில் கண்மாயில் இறங்கி அந்தப் பாதையை நடந்து பார்க்கிறேன். கட்டை ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் நடக்கிறேன், என் மனசு எப்படிப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும் என்பதால்.